சைக்கிளில் போகிறவன் எலும்புக்கு மதிப்பே கிடையாதா?

காரில் வந்து இடித்தவர் நிம்மதியாக இருக்கிறார். இடி வாங்கிய என் அப்பா, தன் மேல் தப்பில்லை என்று ஒவ்வொரு மேசையாகப் போய் நிரூபித்துக்கொண்டிருக்கிறார். வயிறு எரிகிறது.

அப்பா கொத்தனார். காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவரை, செங்கல்பட்டுப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் பின்னாலிருந்து வந்த கார் தூக்கி அடித்தது. தோளில் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன். முதல் 48 மணி நேரச் செலவை அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொண்டது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கொடுமையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை. புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் திணித்தார்கள். "சைக்கிள்தானே தம்பி, பெரிய சேதம் ஒண்ணும் இல்லையே. அவர் ஐயாயிரம் தர்றேங்கிறார், வாங்கிட்டுப் போய் அப்பாவைக் கவனிங்க." சேதம் சைக்கிளுக்கா ஐயா, மனுஷனுக்கா? எலும்பு முறிந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம். இது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா?

2022 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கும் விதிப்படி, விபத்தின் முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் போலீஸே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அடிபட்டவருக்கு என்னென்ன உரிமை என்று எழுதிய படிவத்தையும் 10 நாளில் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. ஆனால் இழப்பீடு கேட்டு மனு போட எங்களுக்கு மட்டும் 6 மாதம் கெடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்த்தது. (அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது, அது தனிக்கதை.) எஃப்.ஐ.ஆருக்கும், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் ஏ.ஆர். காப்பிக்கும் அலைய விட்டே அந்த ஆறு மாதத்தைத் தின்பது யார்?

மனு போட்டாயிற்று. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் அப்பாவைக் கேட்கிறார்: ஹெல்மெட் போட்டிருந்தீங்களா? சைக்கிள்ல லைட் இருந்துச்சா? மோட்டார் வாகனச் சட்டம் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள்காரருக்குத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. உடைந்தது தோள், கேள்வி தலையைப் பற்றி! எப்படியாவது கவனக்குறைவில் பாதியை அப்பா தலையில் கட்டி, தொகையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, வருமானத்துக்கு என்ன ஆதாரம்? சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி எண்ணிக் கொடுக்கும் கூலிக்கு எவன் சம்பளச் சீட்டு தருகிறான்? விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரி வழக்கில் 2014லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அமைப்புசாராத் தொழிலில் இருப்பவரிடம் வருமானத்துக்கு ஆவணம் எதிர்பார்க்கக் கூடாது என்று. அவருக்கு மாதம் 6,500 ரூபாய் என்று வைத்துக் கணக்கும் போட்டுக் கொடுத்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே கேள்வி, அதே நக்கல் பார்வை.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது அந்த ஊனச் சதவீதம். மெடிக்கல் போர்டு 20 சதவீதம் என்று எழுதியது. "மீதி 80 சதவீதம் நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள் இன்சூரன்ஸ்காரர்கள். அப்பாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சீலிங் பூச முடியாது, சாரத்தில் ஏற முடியாது, செங்கல் வாங்க முடியாது. கொத்தனாருக்கு இதில் 80 சதவீதம் எங்கே மிச்சம் இருக்கிறது? சான்றிதழ் எண்ணை அப்படியே எடுக்காதே, அவர் செய்யும் தொழிலில் அது எவ்வளவு இழப்பு என்று பார் என 2010லேயே உச்ச நீதிமன்றம் விளக்கிய விஷயம் இது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் பேசுகிறார்கள்.

போன வாய்தாவில், "மக்கள் நீதிமன்றத்துக்கு வாங்க, உடனே செக் வாங்கிடலாம்" என்று ஒரு தொகை சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆன செலவுக்கே காணாது. அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீலும் கிடையாது. கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அப்பா, "போதும்டா, வாங்கிக்கலாம்" என்கிறார். அவரை இந்த நிலைக்குக் கொண்டுவரத்தானே இத்தனை வாய்தா!

வாங்கப் போவதில்லை. டாக்டர் கூண்டில் ஏறி, இந்தக் கை எதுவரை தூக்கும் என்று நீதிபதி முன்னால் சொல்லட்டும். தொகையை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.