சம்பங்கியும் பாய்சனும்

கிறிஸ்டியன் டியோரின் பாய்சன் செண்டை "அய்யோ, தலைவலி, கிழவிங்க போடுறது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். போன வாரம் கூட எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் இதே பேச்சு. அங்கே அடக்கி வாசித்தேன். இங்கே முடியாது.

1985-ல் வந்த செண்ட். உருவாக்கியவர் எதுவார் ஃப்ளேஷியே. ஆப்பிள் மாதிரி உருண்ட ஊதா நிறப் புட்டி. அமெரிக்காவில் சில ஹோட்டல்களில் 'புகைபிடிக்கக் கூடாது, பாய்சனும் கூடாது' என்று போர்டு வைத்ததாகச் சொல்வார்கள். அவ்வளவு தூக்கல். நானும் மறுக்கவில்லை, சித்திரை வெயிலில் அதைப் பூசிக்கொண்டு மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறினால் நானே இறக்கி விட்டுவிடுவேன்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? ப்ளம் பழம், கொத்தமல்லி விதை, பட்டை, தேன். இவற்றுக்கு நடுவில் ராணி மாதிரி சம்பங்கி. தஞ்சாவூர் பூக்காரத் தெருவிலிருந்து கல்யாண மாலைக்குப் போகிற அதே நிலச்சம்பங்கிதான். பூர்வீகம் மெக்சிகோ என்றாலும் நம்மோடு ஒட்டிக்கொண்டு விட்டது. பறித்த பிறகும் வாசனையை விட்டுக்கொண்டே இருக்கும் பூ அது. காலையில் கட்டிய மாலை ராத்திரி ரிசப்ஷனில் இன்னும் ஏறி அடிக்கும், கவனித்திருப்பீர்கள். பிரான்சில் செண்டுக்குப் பேர்போன கிராஸ் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டில் பூவைப் பரப்பி, வாசனையைக் கொழுப்பு குடித்ததும் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பார்கள். சூடு காட்டாமல் வாசனை எடுக்கிற பழைய முறை.

இனி அத்தை கதை. நாற்பது வயதுக்குள் மாமா போய்விட்டார். அத்தை வலங்கைமான் பக்கம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பூ போச்சு, பொட்டு போச்சு. கல்யாணத்துக்குப் போனால் கடைசி வரிசை நாற்காலி. மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு, பூச்சரம் என்று தட்டோடு சின்னப் பெண்கள் நிற்பார்களே, அத்தை கிட்டே வரும்போது அந்தத் தட்டு லேசாக ஒருபக்கம் திரும்பும். பன்னீர் கூடத் தள்ளித்தான் விழும். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. எட்டு வயதிலேயே எப்படியோ தெரிந்துவிடுகிறது.

துபாய்க்குப் போன அத்தான் முதல் லீவில் வந்தபோது டியூட்டி ஃப்ரீயில் வாங்கி வந்தது அந்த ஊதாப் புட்டி. "எனக்கெதுக்குடா இது" என்று வாங்கி பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டியவள், ஒரு மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு திறந்தாள். முந்தானையில் பூசினாள், அதுவும் வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கமாக ஒரு தொடல்.

"என்னத்தே அது?"

"ஒண்ணுமில்லடி. அந்துருண்டை வாடை போகட்டும்னு."

கொஞ்ச நேரத்தில் திண்ணையிலிருந்து பெரியப்பா குரல். "யாரு வீட்டுல சம்பங்கி மாலை வந்திருக்கு?" பெரியம்மா கூடத்தில் தேடினாள், சாமி உள்ளில் தேடினாள், கொல்லை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அத்தை தலை நிமிராமல் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

தலையில் பூ இருந்தால் கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிப் போட்டுவிடலாம். வாசனையை எங்கே பிடித்துப் பிடுங்குவது?

இதே ஊரில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஆம்பிளை மார்பில் ஜவ்வாது தடவிக்கொண்டு, நாகூர் அத்தரைப் பஞ்சில் நனைத்துக் காதில் செருகிக்கொண்டு முதல் பந்தியில் உட்காரலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். புருஷன் இருக்கிற பெண் செண்ட் போட்டாலே "யாருக்காம்?" என்று கேட்ட ஊர் இது. அதனால்தான் சொல்கிறேன், தூக்கலான வாசனை நாகரிகமில்லை என்று இன்றைக்குப் பாடம் எடுப்பவர்கள் எல்லாம் மூக்கை வைத்துப் பேசவில்லை. பெண் வந்திருக்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரிவதுதான் அவர்களுக்கு உறுத்துகிறது.

பாய்சனுக்கு அப்புறம் டெண்டர், ஹிப்னாடிக், ப்யூர் என்று தங்கச்சிகள் வரிசையாக வந்தார்கள். 1998-ல் வந்த ஹிப்னாடிக்கைத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாய்சன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வெனிலாவும் பாதாமும். நல்லாத்தான் இருக்கும், ஆனால் இவள் கிட்டே நிற்க முடியாது. மூத்தவளும் இப்போது வாங்கினால் பழைய அடர்த்தியில் இல்லை என்பது என் மூக்கின் தீர்ப்பு.

வருகிற தையில் மன்னார்குடியில் என் பெண்ணுக்குக் கல்யாணம். வாசலில் தட்டோடு நிற்கப்போகிற பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: யார் வந்தாலும் நெற்றியைப் பார்க்காதே, தட்டை நேராக நீட்டு, பன்னீரை மேலே விழுகிற மாதிரித் தெளி, வேண்டாம் என்றால் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். சம்பந்தி வீட்டில் ரெண்டு பேர் முகம் சுளித்ததாகக் கேள்வி. சுளிக்கட்டும்.