இறுகிய வால்வோடு மல்லுக்கட்டாதீர்கள்

"மெயின் வால்வு (வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு) இறுகிவிட்டால் பெரிய ஸ்பேனர் போட்டு ஒரே முறுக்கு, சரியாகிவிடும்" என்று இங்கே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பழைய வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இது வம்பை விலைக்கு வாங்கும் வேலை. அங்கே இருப்பது பழைய பித்தளை கேட் வால்வு (பல சுற்றுச் சுற்றி மூடும் வகை) என்றால், கைப்பிடியோடு சேர்ந்த களிம்பேறிய தண்டு உள்ளேயே முறியலாம். அப்புறம் கைப்பிடி சும்மா சுற்றும், தண்ணீர் நிற்காது.

முதலில் வெளியே மீட்டர் பக்கத்தில் உள்ள வால்வை மூடிப் பாருங்கள். அது மூடினால் பதற்றமே வேண்டாம். உரிமம் பெற்ற பிளம்பரை அழைத்து, கால் சுற்றில் மூடும் பால் வால்வாக (ball valve, உள்ளே துளையுள்ள பந்து இருக்கும் வகை) மாற்றச் சொல்லுங்கள். கைப்பிடித் தண்டைச் சுற்றி மட்டும் சொட்டுகிறதா? அதன் அடியிலுள்ள நட்டை லேசாக, ரொம்ப லேசாக இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும்.