குட்ஸ்பிரிங்ஸிலிருந்து தெற்கே போங்கள் என்று சொன்னால் போதாதா?

முந்தாநாள் ராத்திரி நம் கேமிங் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஃபாலவுட் நியூ வேகாஸ் என்ற கேமைப் புதிதாக ஆரம்பித்து, கதை தொடங்கும் குட்ஸ்பிரிங்ஸ் ஊரில் இருந்த ஒரு தம்பி, "ஊரை விட்டு வடக்கே போனதும் கொம்பு வச்ச பெரிய மிருகம் அடிச்சே கொல்லுது, நாலு தடவை செத்துட்டேன், கேம்ல ஏதாவது கோளாறா" என்று கேட்டார். அதற்குப் பதிலாக வந்தது 17 குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியல். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. அதற்கும் கீழே, "இங்கிலீஷ் படிக்கத் தெரியலைன்னா மிட்டாய் உடைக்கிற கேம் ஆடு" என்று ஒரு கமெண்ட். காலையில் பார்த்தால் தம்பி கேள்வியை அழித்துவிட்டுக் குழுவை விட்டே போயிருந்தார்.

நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கேமுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலும் கேட்டார்கள். கோபம் கேமுக்காக மட்டும் இல்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி. இப்போது வடக்கே போகாதீர்கள், தெற்கே பிரிம் என்ற ஊர்ப் பக்கம் போங்கள். இந்த ஒரு வரியை எழுத நம்மில் ஒருவருக்கும் கை வரவில்லை.

அவர் செத்த இடம் வடக்கே ஸ்லோன் என்ற சிற்றூரை ஒட்டிய கல்குவாரி. அந்த மிருகம் டெத்கிளா. ஆரம்பத்தில் நம்மைப் பிழைக்க வைக்கும் டாக்டர் மிட்செல் வீட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர் கையில் ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கியும், சுடக் கற்றுத்தரும் சன்னி கொடுத்த பழைய ரைஃபிளும் இருக்கும். இந்த கேமில் எதிரியின் தோலுக்கு ஒரு எண் உண்டு. நாம் சுடும் ஒவ்வொரு குண்டின் வலுவிலிருந்தும் அந்த எண் கழிந்துபோகும். டெத்கிளாவுக்கு அது 15. சின்னத் துப்பாக்கிக் குண்டில் கழிந்தது போக மிஞ்சுவது கீறல்தான். நம் குண்டு ஏறாத எதிரியைச் சுட்டால் அதன் உயிர்க்கோட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கேடயம் தெரியும். அதைப் பார்த்தால் ஓட வேண்டும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த மிருகங்களை அங்கே வைத்தது கோளாறும் இல்லை, கொடுமையும் இல்லை. நாம் போய்ச் சேர வேண்டிய வேகாஸ் நகரின் விளக்குகள் வடக்கே தெரிகின்றன. எல்லோருக்கும் நேராகப் போகத்தான் தோன்றும். நேராகப் போகவிடாமல் தெற்கே திருப்பி, பிரிம், மொஹாவே அவுட்போஸ்ட், நிப்டன், நோவாக், போல்டர் சிட்டி என்று ஒரு பெரிய சுற்று சுற்ற வைக்கிறார்கள். அந்தச் சுற்றில்தான் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள், என்சிஆர் என்ற புதுக் கலிஃபோர்னியக் குடியரசு எதற்கு அங்கே முகாம் போட்டிருக்கிறது, சீசரின் லீஜன் எப்படிப்பட்ட கூட்டம் என்பதெல்லாம் நமக்குப் புரிகிறது. 2077-இல் அணுகுண்டுப் போர், கதை நடப்பது 2281-இல். இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு மனிதர்கள் எப்படி ஊர் கட்டுகிறார்கள் என்பதை நடந்து பார்க்கத்தான் அந்தப் பாதை. ஸ்லோனில் இருக்கும் ஆளே வடக்கே போகாதே என்று எச்சரிக்கிறான். அவன் சொல்வது ஆங்கிலத்தில் இருக்கிறது, தம்பிக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதற்கு வருகிறேன்.

அந்தப் பட்டியலை நான் மூன்று முறை படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கரிஸ்மாவை (கவர்ச்சி) ஒன்றுக்கு இறக்கு, லக்கை (அதிர்ஷ்டம்) ஒன்பதுக்கு ஏற்று, ஆளை மறைக்கும் ஸ்டெல்த் பாய் கருவியைப் போட்டுக்கொண்டு டெத்கிளாவைத் தாண்டி நேராக வேகாஸ் போ, பிளாக்ஜாக் சூதாட்டம் ஆடு, பணம் கொட்டும், உடம்பின் திறனைக் கூட்டும் இம்ப்ளான்ட் வாங்கு. எல்லாமே வேலை செய்யும். ஆனால் இது ஐந்தாவது தடவை ஆடுகிறவருக்கான பட்டியல். முதல் தடவை ஆடுகிறவரிடம் இதைக் கொடுத்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? பதினோராவது குறிப்பில் நோவாக் ஊரில் பூன் என்ற காவல்காரன் தேடும் ஆள் யார் என்பதையே பெயரோடு போட்டுவிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. டைனோசர் பொம்மை வாய்க்குள் ராத்திரிக் காவல் நிற்கும் ஒரு மனிதன், யாரையும் நம்பாதவன், புதிதாக வந்த நம்மை மட்டும் நம்பி ஒரு வேலையைக் கொடுக்கிறான். ஊர் முழுக்கப் பேசி, அறை அறையாகத் தேடி, அந்த ஆளைக் காட்டிக்கொடுக்கும் காகிதம் கையில் கிடைக்கும்போது வரும் நடுக்கத்தை நீங்கள் எல்லோரும் அனுபவித்தீர்கள்தானே? அதை அந்தத் தம்பியிடமிருந்து எடுக்க உங்களுக்கு என்ன உரிமை?

"2010-இல் வந்த கேம், இன்னுமா ரகசியம்" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேம் பழையதுதான். அவருக்கு அது முதல் நாள். 2024-இல் ஃபாலவுட் தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு எத்தனை பேர் புதிதாக இந்தப் பக்கம் வந்தார்கள்! அவர்களுக்கெல்லாம் இது முதல் நாள்தான்.

எனக்கும் ஒரு முதல் நாள் இருந்தது. 2012. கோவில்பட்டியில் பெரியப்பா வீடு. பெரியப்பா மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். அந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று தென்மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் கிடையாது. ஃபேன் நின்ற அடுத்த நொடி திரையும் கறுப்பாகிவிடும். நிப்டனுக்குள் நுழைந்து, அங்கே நடந்ததைப் பார்த்து, கை நடுங்க வெளியே வந்து, பாதி ராத்திரி வரை நடந்த நடை அத்தனையும் ஒரு மின்வெட்டில் போனது. அன்றைக்கு அழுதேன். அப்புறம் ஒவ்வொரு ஊர் வாசலிலும் நின்று, ஆட்டத்தை அதுவரை பதிந்துவைக்கும் புது சேவ் ஒன்றைத் தனித்தனியாகப் போட ஆரம்பித்தேன். இன்றைக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனாலும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பழைய பதிவின்மேலேயே பதியும் குவிக் சேவ் (quick save) ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். தப்பான நேரத்தில் அதை அழுத்திவிட்டால், டெத்கிளா கையை ஓங்கி நிற்கும் நொடிக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்பீர்கள்.

நானும் வடக்கேதான் போனேன். ஆறு தடவை செத்தேன். அண்ணன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். அவன் அந்த கேமை முழுக்க முடித்தவன், எல்லாமே தெரியும். ஐந்து தடவை வாயே திறக்கவில்லை. ஆறாவது தடவை, "வேற பக்கம் ரோடு இருக்கா பாரேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் மேப்பைத் திறந்தேன், தெற்கே ரோடு போனது, போனேன். அன்றைக்கு அந்த ரோட்டை நானே கண்டுபிடித்ததாகத்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவன் மட்டும் அன்றைக்கு 17 குறிப்பு சொல்லியிருந்தால் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்து போயிருப்பேன்.

சரி, எதிர்ப்பக்கம் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "அவர் உதவி கேட்டார், நாங்கள் உதவினோம், அதுவும் தப்பா?" அவர் கேட்டது ஒரு மிருகத்தைப் பற்றி. வழி கேட்டவரிடம் ஊர்க்கதை முழுவதையும் சொல்லிவிட்டு, வழியை மட்டும் சொல்லாமல் விட்டோம். "வேலைக்குப் போகிறவர்களுக்கு 100 மணி நேரம் அலைய நேரமில்லை" என்று இன்னொருவர். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கும் வேலை, வீடு எல்லாம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஆட நினைப்பது என் ஆட்டத்தை, இன்னொருவர் எழுதி வைத்த பட்டியலை அல்ல. "தப்பா ஆரம்பிச்சா பாயின்ட் எல்லாம் வீணாகிவிடும்" என்பவர்களுக்கு: கரிஸ்மா, லக் மாதிரி ஏழு குணங்களும் ஆரம்பத்தில் ஐந்தில்தான் நிற்கின்றன, நம் கையில் கூடுதலாக ஐந்து புள்ளி. எப்படிப் போட்டாலும் ஆட முடியும். குட்ஸ்பிரிங்ஸ் எல்லையைத் தாண்டும்போது, எல்லாவற்றையும் மாற்ற இன்னொரு வாய்ப்பு வேண்டுமா என்று கேமே கேட்கிறது. துப்பாக்கித் திறமையில் ஒன்று, பேச்சில் ஒன்று, ரிப்பேரில் ஒன்று என்று முக்கியத் திறமையாகக் குறித்தால் (டேக் செய்தால்) ஒவ்வொன்றுக்கும் 15 கூடும், முதல் பத்து மணி நேரம் கவலையில்லை. ரிப்பேர் ஏன் என்றால், துப்பாக்கி தேயும். அதே மாதிரி இன்னொரு துப்பாக்கியைப் பொறுக்கி இதைச் சரிசெய்யத் தெரிய வேண்டும். பசி, தாகம், தூக்கம் எல்லாம் கவனிக்க வேண்டிய ஹார்ட்கோர் முறை முதல் தடவை வேண்டாம். செத்தவன் உடம்பில் கிடைக்கும் கட்சி உடையை யோசிக்காமல் மாட்டாதீர்கள், அவனுடைய எதிரிகள் உங்களையும் சுடுவார்கள். இதற்கு மேல் முதல் வாரத்தில் சொல்ல என்ன இருக்கிறது?

"அங்கேயே கமெண்ட் போட்டிருக்கலாமே, இங்கே வந்து ஏன் புலம்புகிறாய்?" போட்டேன். தெற்கே போங்கள் தம்பி என்று எழுதினேன். அதற்கும் சிரிப்புக் குறி போட்டார்கள். அதற்குள் அவர் போயிருந்தார்.

இப்போது அந்த இங்கிலீஷ் கமெண்டுக்கு வருகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். நியூ வேகாஸில் 60,000-க்கும் மேல் வசன வரிகள் இருக்கின்றன. பிரெஞ்சில் வந்தது, ஜெர்மனில் வந்தது, இத்தாலியனில், ஸ்பானிஷில் வந்தது. தமிழில் வரவில்லை, வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. டாக்டர் மிட்செல் ஆரம்பத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி, கேட்டதும் என்ன தோன்றுகிறது என்பார். டாக், ஹவுஸ், நைட், பேண்டிட், லைட், மதர். ஆறில் ஐந்து எனக்குத் தெரியும். பேண்டிட் தெரியாது. அண்ணனின் லிஃப்கோ அகராதியை எடுத்துப் பார்த்தேன். கொள்ளைக்காரன். அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். சப்டைட்டிலைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நோவாக் என்ற ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று இரண்டு நாள் புரியவில்லை. மூன்றாவது நாள் அந்த லாட்ஜின் உடைந்த பலகையை அண்ணாந்து பார்த்தேன். நோ வேகன்சி என்பதில் பாதி எழுத்து போய் மிச்சம் நின்றதுதான் ஊர்ப்பெயர். அகராதியைத் திறந்து வேகன்சி என்ற வார்த்தையைத் தேடி, காலியிடம் என்று படித்து, ஓ என்று நானே கத்தினேன். எனக்கு ஆங்கிலத்தை முழுசாகக் கற்றுக்கொடுத்தது இந்த கேம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வார்த்தை தெரியாமல் இருப்பது கேவலம் இல்லை, தேடினால் அதற்குப் பின்னால் ஒரு ஊரே இருக்கும் என்று எனக்குக் காட்டியது இதுதான்.

அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் நண்பன் ஒருவன் வந்தான். என் மடியில் அகராதியைப் பார்த்துவிட்டு, "டிக்‌ஷனரி வச்சுக்கிட்டா கேம் ஆடுற?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். அண்ணன் அவனை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கரண்ட் இருக்கும்போதே டீ போட்டுக்கொண்டு வந்தான், என் கையில் முதல் டம்ளரைக் கொடுத்தான். நான் அன்றைக்கு அகராதியை மூடவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முந்தாநாள் அந்தக் கமெண்டைப் படித்தபோது கேட்டது அதே சிரிப்புதான்.

இந்த கேமில் இன்டெலிஜென்ஸை, அதாவது புத்தி அளவை, ஒன்றில் வைத்துக்கொண்டும் ஆடலாம். தெரியும்தானே? அப்படிப்பட்ட ஆளுக்கென்றே சில இடங்களில் தனி வசனம் எழுதி வைத்திருக்கிறார்கள். பேச்சுத் திறமை பற்றாதபோது கதவைச் சாத்துவதில்லை. உனக்கு இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு வேண்டும் என்று எண்ணைக் காட்டுகிறார்கள். கூட்டிக்கொண்டு திரும்பி வா என்கிறார்கள். ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள், யாரென்றே தெரியாத ஆட்டக்காரருக்கு இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள். தமிழில் கேட்ட தமிழ்த் தம்பிக்கு நாம் விட்ட இடம் எவ்வளவு?

பட்டியல் போட்ட நண்பர்மேல் எனக்குப் பகை இல்லை. அவருக்கு இந்த கேமைப் பற்றித் தெரிந்ததில் பாதி கூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாரே, அதுதான் தாங்கவில்லை.

அந்தத் தம்பியின் கணக்கைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். ஸ்லோன் வரை வந்த ரோட்டிலேயே திரும்பி நடக்கச் சொல்லுங்கள். குட்ஸ்பிரிங்ஸைத் தாண்டி இன்னும் தெற்கே போனால் தூரத்தில் ஒரு பெரிய ரோலர் கோஸ்டர் தெரியும். அதுதான் பிரிம். அதைப் பார்த்ததும் ஒரு புது சேவ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த வார்த்தை புரியவில்லை என்றாலும் எனக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், தமிழிலேயே. அந்த லிஃப்கோ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.