ஹோட்டல் மியூசிக்னு சொன்னவருக்கு

ஞாயித்துக்கிழமை சேந்து ரெக்கார்டு கேக்கறப்ப என்ன நடந்துச்சுன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும், முழுசா மறுபடி விளக்கப் போறதில்ல. நான் போட்ட 'பாரிஸ் என்கவுன்ட்டர்'ங்கற ஜாஸ் ஆல்பத்தோட மொத பாட்டு பாதி ஓடறதுக்குள்ள ஒருத்தர் நிறுத்திட்டு "இது ஹோட்டல் மியூசிக், வேற போடுங்க"ன்னு சொன்னாரே, அதுல இருந்து எனக்கு மனசு ஆறல.

ஆமாங்க, 1969 நவம்பர்ல பாரிஸ்ல இந்த ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணப்ப, இதுல வயலின் வாசிச்ச ஸ்டெஃபான் கிராப்பெல்லி அந்த ஊர் ஹில்டன் ஹோட்டல்ல சாப்பிட வர்றவங்களுக்குத்தான் வாசிச்சிட்டு இருந்தார். 1934லயே கிட்டார் மேதை ஜாங்கோ ரெயின்ஹார்ட்டோட சேந்து டிரம்ஸே இல்லாம மூணு கிட்டார், ஒரு பேஸ், ஒரு வயலின்னு வச்சு ஊரையே திரும்பிப் பாக்க வச்ச மனுஷன். இந்த ஆல்பம் பண்ணப்ப அவருக்கு 61 வயசு. கூட வாசிச்ச கேரி பர்ட்டனுக்கு 26, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வைப்ரஃபோனை ரெண்டு கையிலயும் சேத்து நாலு மேலட் (தட்டுற குச்சி) புடிச்சு வாசிச்சவர், பேர் உச்சத்துல இருந்த நேரம்.

வைப்ரஃபோன்ல தட்டின உடனே சத்தம் தேய ஆரம்பிச்சிடும், பெடலை அமுக்கினா கொஞ்ச நேரம் நிக்கும், அவ்ளோதான். வயலின்ல வில்லு போற வரைக்கும் ஒரு ஸ்வரத்தை வளத்துக்கிட்டே போலாம். பர்ட்டன் வைப்ரஃபோன்ல சத்தத்தை நடுங்க வைக்கற மோட்டாரை ஓடவிட மாட்டார், சத்தம் நடுங்காம நேரா நிக்கும், அதனாலதான் கிராப்பெல்லி விரலோட அசைவு ஒண்ணு விடாம காதுல விழுது. ஒருத்தர் இன்னொருத்தருக்கு எடம் விட்டு வாசிக்கறாங்க. இதைத்தான் நான் அன்னிக்கும் சொல்ல வந்தேன், சொல்ல விடல.

"ஜாங்கோ காலத்து வேகம் இல்லையே"ம்பீங்க. வேணாமே! பேஸ் வாசிச்ச ஸ்டீவ் ஸ்வாலோவோட 'ஃபாலிங் கிரேஸ்' கேளுங்க, கார்டு (சேந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) மாறிக்கிட்டே இருக்கும், புது ஆளுங்களோட பாட்டு, அதை அந்த வயசுல எடுத்து கிராப்பெல்லி பயமே இல்லாம வாசிக்கறார். வேகத்தை மட்டும் தேடறவங்களுக்கு இது கேக்காது. "ஆல்பம் பூரா ஒரே மாதிரி மென்மையா இருக்கு"ன்னா, இருக்கட்டும், அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

எங்க அப்பா கல்யாண ரிசப்ஷன்ல வயலின் வாசிச்சவர். ஜனங்க சாப்பிட்டுக்கிட்டே பேசிக்கிட்டே இருப்பாங்க. ஒரு தடவை ஒருத்தர் மேடைக்கே வந்து "கொஞ்சம் கம்மியா வாசிங்க, போன் பேச முடியல"ன்னார். அப்பா ஒண்ணும் சொல்லல, வில்லை லேசாக்கிட்டு அந்த ஆலாபனையை விடாம முடிச்சார். நான் பக்கத்துல சுருதிப்பெட்டியோட உக்காந்திருந்தேன், முகத்தை நிமித்தவே முடியல. அந்த ஹால்ல ஒருத்தருக்குக்கூட அவர் என்ன ராகம் வாசிச்சார்னு தெரியாது. அவர் வாசிச்சது ஒரு கேசட்ல கூட இல்ல. கிராப்பெல்லிக்காவது பர்ட்டன் வந்தார், பின்னாடி 1984ல நம்ம வயலின் வித்வான் எல். சுப்பிரமணியம் கூட வாசிச்ச 'கான்வர்சேஷன்ஸ்' ஆல்பம் வந்துச்சு, எல்லாம் ரெக்கார்டா இருக்கு. எத்தனை பேருக்கு அது கிடைக்குது சொல்லுங்க?

"ஒரு ரெக்கார்டுக்குப் போய் இவ்ளோ கோவமா, ரசனை அவங்கவங்க இஷ்டம்"னு எழுதுவீங்க, தெரியும். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க, எனக்கு வருத்தமே இல்ல. ஆனா சாப்பிடற எடத்துல வாசிச்சவன்னா மட்டம்னு எங்க அப்பாவையும் சேத்து சொல்லாதீங்க. கடைசிப் பாட்டு 'ஐடர்டவுன்' வரைக்கும் கேட்டுட்டு வந்து திட்டுங்க, நான் உக்காந்து கேக்கறேன்.