எல்லார் ஆதாரும் ஒரே ஃபோல்டரில்

தரவு, அந்தரங்கம் என்று பேச்சை எடுத்தாலே நம் ஆட்கள் நேராக அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள். கூகுள் ஒட்டுக்கேட்கிறது, ஃபேஸ்புக் விற்கிறது, சீனா போன் வேவு பார்க்கிறது. நான் எதையும் மறுக்கவில்லை. தேர்தல் ஆலோசனைக் கம்பெனியான கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா விவகாரத்தில் 8.7 கோடிப் பேரின் விவரங்கள் வரை முறைகேடாகப் போயிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே சொன்னது. அடுத்த வருடம் அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதற்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டது. அதே கம்பெனியின் தளத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன் என்பதும் தெரியும். வேறு எங்கே எழுதினால் நீங்கள் வந்து படிக்கப் போகிறீர்கள்?

ஆனால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் கணினி சர்வீஸ் பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நம்மூர் ஜனங்களின் விவரம் கசிகிற இடத்தைப் பார்க்கக் கலிஃபோர்னியா வரை போக வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில், தூசி படிந்த ஒரு கணினி இருக்கும். அங்கே பார்த்தால் போதும்.

சர்வீசுக்கு வரும் ஜெராக்ஸ் கடை, பிரௌசிங் சென்டர் கணினிகளில் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ரொம்ப ஸ்லோவா இருக்கு." திறந்தால் சி டிரைவ் சிவப்பில் நிற்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் போனால் காரணம் தெரிந்துவிடும். 'வாட்ஸாப் இமேஜ்' என்று தொடங்கும் படங்கள், 'இஆதார்' என்று தொடங்கும் பிடிஎஃப்கள், பாஸ்புக் முதல் பக்கம், சிட்டா, அடங்கல், சாதிச் சான்றிதழ், யாரோ ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், வாரிசுச் சான்றுக்குக் கொடுத்த இறப்புச் சான்றிதழ். கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூடப் பெயர், ஊர், தொகை மட்டும்தான் இருக்கும். இதில் குடும்பத்தின் ஜாதகமே இருக்கிறது. வருடக்கணக்கில் ஒருவரும் அழிப்பதில்லை. அழிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

இ-ஆதார் பிடிஎஃபுக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, அப்புறம் பிறந்த வருடம். இந்தச் சூத்திரம் தெரியாத ஜெராக்ஸ் கடை உண்டா? "பேரு சொல்லுங்க, பொறந்த வருஷம் சொல்லுங்க" என்று கேட்டபடியே திறந்துவிடுவார்கள். திறந்ததைப் பாஸ்வேர்ட் இல்லாமல் இன்னொரு காப்பியாகச் சேமித்தும் வைப்பார்கள், பிரிண்ட் போடச் சுலபம் என்று.

அடுத்தது வாட்ஸாப் வெப், அதாவது போன் வாட்ஸாப்பைக் கணினியில் திறந்து வைக்கும் வசதி. கடைக் கண்ணாடியில் ஒரு எண் ஒட்டியிருக்கும், டாக்குமென்ட்டை இதற்கு அனுப்புங்கள் என்று. வாட்ஸாப்பில் போகிற செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி 2016இலிருந்து முழுக்கக் குறியாக்கம் செய்கிறார்கள். நல்ல வேலைதான். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில்தானே அந்தப் பாதுகாப்பு? பெறுகிறவர் இங்கே ஒரு பொதுக் கணினி. காலையில் லாகின் செய்தது இரவு ஷட்டர் இறக்கும் வரை திறந்தே இருக்கும். கடைத் தம்பி டீக்குப் போயிருந்தால் வாடிக்கையாளரே கவுன்டருக்குள் வந்து, மவுஸை உருட்டி, அடுத்தவர்களின் பான் கார்டையெல்லாம் தாண்டிப்போய், "அதோ, அதான் நம்மளுது" என்று விரல் நீட்டுவார். வீட்டுக்கு வந்த பிறகு 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்தினால் உரையாடலிலிருந்து போகும். டவுன்லோட்ஸில் இறங்கிய காப்பி இறங்கியதுதான்.

கடைக்காரர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அவர்களில் பலர் என் வாடிக்கையாளர்கள், சிலர் நண்பர்கள். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15. அந்த வாரத்தில் ஒரு சேவை மையத்துக்குள் போய்ப் பாருங்கள். வெளியே மழை, உள்ளே ஈரக் குடையோடு கூட்டம், சர்வர் சுற்றிக்கொண்டே நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் பாலித்தீன் கவரில் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக். இரவு பத்து மணி வரை உட்கார்ந்து ஏற்றிவிடுகிற பையனைப் பார்த்து 'ஃபைலை அழித்தாயா' என்று கேட்க எனக்கு வாய் வராது.

எனக்குக் கோபம் எல்லாம் அந்தக் கூட்டத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிற வடிவமைப்பின் மேல்தான்.

ஒரு அரசுத் தளம் இத்தனை கேபிக்குள் பிடிஎஃப் கேட்கிறது. இன்னொன்று புகைப்படத்தை வேறு அளவில் கேட்கிறது. போனில் எடுத்த படம் எம்பி கணக்கில் இருக்கும். அதைச் சுருக்கத் தெரியாத ஒரே காரணத்துக்காகப் படித்த பிள்ளைகளே கடைக்கு ஓடுகிறார்கள். சுருக்குகிற வேலையை அந்தத் தளமே செய்ய முடியாதா? வாட்ஸாப் ஒவ்வொரு படத்துக்கும் அதைத்தானே செய்கிறது? இது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஓடிபி. தொழில்நுட்ப உலகம் முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒரு ஆளுக்கு ஒரு போன், அந்தப் போன் அவர் சட்டைப்பையில். நம்மூரில் அம்மாவின் ஆதாரில் இருக்கும் எண் சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் மகனுடையது. கடையிலிருந்து அம்மா கூப்பிடுவார்: "தம்பி, நம்பர் வந்துச்சா?" மகன் டூட்டியில் இருப்பான். அவன் பார்த்துச் சொல்வதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். மறுபடி அனுப்பு, மறுபடி கூப்பிடு. கடைசியில் அவன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, அம்மா அதைவிடச் சத்தமாகக் கடைத் தம்பிக்குச் சொல்ல, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் அது தெரிந்துவிடும். 'ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்' என்று அதே குறுஞ்செய்தியின் கடைசி வரியில் இருக்கும்.

இதைவிட மோசம், போன் எண்ணும் இ-மெயிலும் இல்லாதவர்களுக்குக் கடைக்காரர் தன்னுடையதையே போட்டுக் கொடுப்பது. உதவிதான். ஆனால் நாளைக்கு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் யார் மெயிலுக்கு வரும்? ஊரில் பாதிப் பேருக்கு ஒரே மின்னஞ்சல் முகவரி. கடை கைமாறினால் அதுவும் சேர்ந்து கைமாறும்.

போன் கம்பெனிகள் பேசுகிற அந்தரங்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ஆப்பிள் 2021இல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 14.5 மென்பொருள் வந்தபோது, செயலிகள் நம்மைப் பின்தொடர நம்மிடமே அனுமதி கேட்க வேண்டும் என்று கொண்டுவந்தது. இதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா புலம்பியது. உண்மையிலேயே பெரிய மாற்றம்தான், நான் கைதட்டினேன். ஆனால் அது சொந்த போனைச் சொந்தக் கையில் வைத்திருப்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. திருவாரூர் மாவட்டத்தில் நடவு வேலைக்குப் போகிற ஒரு அக்காவுக்கு அதில் என்ன இருக்கிறது? அவருக்காக 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் போடுவது கடையின் மவுஸ்.

நடவு என்றதும் கைரேகை நினைவுக்கு வருகிறது. சேற்றிலும் தண்ணீரிலும் கிடந்த விரலில் ரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடையில் ஒவ்வொரு விரலாக வைத்துத் துடைத்துத் துடைத்து முயற்சி செய்யும் பாட்டிகளை எல்லாரும் பார்த்திருப்போம். விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பிஎம் கிசான் திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2023இல் வந்தது. தேய்ந்த விரல்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. அதுவும் யார் போனில் நடக்கிறது? கடைத் தம்பியின் போனில்.

கைரேகையை யாரும் தவறாகப் பயன்படுத்தாமல் பூட்டி வைக்கும் வசதியை ஆதார் ஆணையம் தந்திருக்கிறது. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையைப் பிரதியெடுத்துச் சிம் கார்டுகளை முடுக்கிய மோசடி 2018இல் தெலங்கானாவில் பிடிபட்டது. ஆகவே பூட்டுவது நல்லது. ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் விரல் செல்லாது, மாதாமாதம் திறந்து திறந்து மூட வேண்டும். திறக்கச் செயலியோ இணையதளமோ வேண்டும், ஓடிபி வேண்டும். மறுபடி சிங்கப்பூர்.

வேண்டும் என்றால் வடிவமைப்பை மாற்ற முடியும் என்பதற்கும் இந்தக் கைரேகையே சாட்சி. முன்பு கடைகளில் ரேகை வைக்க இருந்த எல்-0 வகைக் கருவியில், ரேகையைக் குறியாக்கம் செய்யும் வேலையைக் கணினியில் உள்ள மென்பொருள்தான் செய்தது. வைரஸ் பிடித்த கணினி என்றால் அங்கேயே ஆபத்து. இப்போதைய எல்-1 கருவிக்குள்ளேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது, கணினிக்கு வருவதே பூட்டிய பெட்டிதான். பழையதை ஓரங்கட்டிப் புதியதை வாங்க வேண்டியிருந்ததில் கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இருந்தாலும் சரியான முடிவு. கடைக் கணினியை நம்பக் கூடாது என்று ஆணையத்துக்கே தெரிந்திருக்கிறது. ரேகைக்குக் காட்டிய அந்த அக்கறை காகிதத்துக்கு ஏன் இல்லை? 12 எண்ணும் தெரிகிற ஆதார் நகலை ஸ்கேன் செய்து ஏற்று என்று எத்தனை தளங்கள் இன்னும் கேட்கின்றன!

2022 மே மாதம் ஒரு கூத்து நடந்தது. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், பிரௌசிங் சென்டரில் இறக்கினால் அந்தக் காப்பியை நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அறிவித்தது. அருமையான அறிவுரை. இரண்டு நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள், ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களாம். நாட்டிலேயே ஜெராக்ஸ் கடைக் கணினியைப் பற்றி ஒருமுறை ஒழுங்காகப் பேசிய அறிவிப்பு எனக்குத் தெரிந்து அதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். ஒப்புதலைத் தமிழிலும் படித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும், மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றெல்லாம் இருக்கிறது. 250 கோடி என்ற எண்ணைப் பார்த்தாலே இது யாரை மனதில் வைத்து எழுதியது என்று தெரியும். புகார்களை விசாரிக்கும் வாரியம் டிஜிட்டல் அலுவலகமாகவே இயங்குமாம். அதாவது என் ஆதாரை ஜெராக்ஸ் கடையில் கசியவிட்டார்கள் என்று புகார் கொடுக்க நம் பெரியவர் போக வேண்டிய இடமும் அந்த ஜெராக்ஸ் கடைதான்.

செய்ய வேண்டியவை ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியங்கள் இல்லை. மாஸ்க்டு ஆதாரை எல்லா அலுவலகங்களும் ஏற்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனால் போதும். இப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் "எட்டு நம்பர் இல்லையே, இது செல்லாது" என்று கவுன்டரில் திருப்பி அனுப்புகிறார்கள். சான்றிதழை வழங்கியதும் அரசு, கேட்பதும் அரசு. சான்றிதழ்களை இணையத்திலேயே வைத்து எடுக்கும் அரசின் டிஜிலாக்கர் 2015இலிருந்து இருக்கிறது. ஒரு துறை இன்னொரு துறையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டுமே, நடுவில் அந்த அம்மா எதற்குப் பாலித்தீன் கவரோடு அலைய வேண்டும்?

அதுவரை நம்மால் ஆனது. இப்போதெல்லாம் சர்வீசுக்கு வரும் கடைக் கணினிகளில், உரிமையாளரைக் கேட்டுவிட்டு, விண்டோஸில் இருக்கும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' வசதியை இயக்கிவிடுகிறேன். அதிலேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குத் தனியாக நாள் கணக்கு குறிக்கலாம், அத்தனை நாள் திறக்காமல் கிடக்கும் ஃபைலை அதுவே அழித்துவிடும். வாட்ஸாப்பில் புது உரையாடல்கள் 24 மணி நேரத்தில் மறையும்படியும் வைத்துக் கொடுக்கிறேன். ஒரு கடைக்காரர் மட்டும் சம்மதிக்கவில்லை. "அண்ணே, போன வருஷம் எடுத்த அடங்கலைத் தொலைச்சிட்டு எங்கிட்டதான் வந்து கேப்பாங்க, அழிச்சிட்டா நான் எங்க போவேன்?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது, பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு மட்டும் அந்த ஃபைல்களைப் பூட்டு போட்ட தனி டிரைவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சேவை மையம் நடத்துகிற நண்பர்கள் வேறு ஏதாவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள், அடுத்த சம்பா காப்பீட்டுக் கூட்டம் வருவதற்குள் மற்ற கடைகளிலும் செய்து பார்க்கலாம்.