சாவியைக் கொடுத்தவர் யார்?

கனடாவின் சிம்கோ ஏரியில் பியரோடு படகு ஓட்டியவரைப் பொலிஸ் மறித்த காணொளியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அதன் கீழே குவிந்த ஆறுதல்களைப் படித்த பிறகு பொறுக்க முடியாமல் ஒரு கருத்து எழுதினேன். "பாவம், கார் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தையும் பொலிஸ் பறித்துவிட்டதாம்!" பாவமாம். பின்னிருக்கையில் குழந்தைகள், ஓட்டியவர் கையில் பியர்.

ஒன்ராறியோவில் படகுக்கும் காருக்கும் ஒரே அளவுதான். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் இருந்தால் குற்றவியல் வழக்கு. 50ஐத் தொட்டாலே, முதல் தடவையானாலும், சில நாட்களுக்குக் காரும் ஓட்ட முடியாது. ஓடும் படகில் பயணிகள் குடிப்பதற்கும் அனுமதி இல்லை. படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் நிரந்தரமாக உள்ள படகு நங்கூரமிட்டோ கரையில் கட்டியோ நின்றால்தான் போத்தலைத் திறக்கலாம்.

ஆனால் எனக்கு ஓட்டியவர்மீது அவ்வளவு கோபமில்லை. படகு அவருடையதா? "மச்சான், கொஞ்ச நேரம் நீ பிடி" என்று சாவியைக் கொடுத்தவர் யார்? அந்தச் சொந்தக்காரர் மறுநாளே இறைச்சி வாட்டும் படம் போடுகிறார். அதற்கும் இதயக்குறி போடுகிறீர்கள்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் என் அம்மப்பா சம்மாட்டி, மீன்பிடி வள்ளத்தின் சொந்தக்காரர். முதல்நாள் கள்ளின் வாசம் அடித்தால் எவ்வளவு கெட்டிக்காரத் தொழிலாளியானாலும் வள்ளத்தில் ஏற்றமாட்டார். அன்றைய பங்கும் கிடையாது. "இவன் பெண்சாதிக்கு நான்தானே பதில் சொல்லவேண்டும்" என்பார். கரைக்கு வந்த பிறகு அவரும் குடிப்பார், அது வேறு கதை.

"ஏரியில் என்ன, எதிரே லொறியா வருகிறது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். படகுக்குப் பிரேக் கிடையாது தம்பி. வெயிலும் காற்றும் ஆட்டமும் சேர்ந்தால் ஒரு பியரே கூடுதலாக வேலை செய்யும். 2017இல் மஸ்கோகா பக்கம் கவிழ்ந்தது மோட்டாரே இல்லாத கனூ, துடுப்புப் போடும் சிறு படகு. எட்டு வயதுச் சிறுவன் இறந்தான். போதையில் அதைச் செலுத்தியவருக்கு நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது.

"பொலிஸ் எங்கள் ஆட்களைத்தான் மறிக்கிறது" என்பவர்களுக்கு: மறிக்கலாம். அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம். பியரை ஊற்றிக் கொடுத்தது பொலிஸ் அல்ல.

"குடிக்காத ஒருவர் படகில் இருந்தாரே!" ஆம், இருந்தார். சொந்தக்காரரின் மனைவி. அக்காவிடம் படகு ஓட்டும் அட்டை இல்லை. சுக்கானை ஒருநாளும் தொட விட்டதில்லை. அவருக்கு ஒதுக்கிய வேலை ரோல்ஸ் பொரிப்பது. குடிக்காதவர் படகில் இருந்தால் போதாது, அவருக்கு ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டும். அது யார் என்பதைப் படகை அவிழ்க்கும் முன்பே சொந்தக்காரர் தீர்மானிக்க வேண்டும். படகு வாங்கக் காசு இருந்தது, இதற்கு மட்டும் நேரமில்லையா?

எங்கள் விருந்துகளில் குடிக்காதவனுக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். என் கோலாக் கிளாஸைப் பார்த்து "மருந்து எடுக்கிறாயா?" என்று சிரித்தவர்களே, நள்ளிரவில் "எங்களை வீட்டில் இறக்கிவிடு" என்று என் காரில் ஏறியிருக்கிறீர்கள். அப்போது நான் நல்லவன். ஒரு கருத்து எழுதியதும் "பெரிய புனிதர்" ஆகிவிட்டேன்.

நட்பிலிருந்து நீக்கப்போவதாக உட்பெட்டியில் மிரட்டுகிறீர்கள். நீக்குங்கள். அதற்கு முன் அந்த அக்காவுக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுங்கள்.