ஐந்து புள்ளி எடுத்த பெண்ணும் டிம் டங்கனும்

போன சனிக்கிழமை என் மகளைக் கூடைப்பந்து அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எந்த அணி, பயிற்சியாளர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் சொன்ன காரணத்தை மட்டும் எழுதுகிறேன். "மூன்று ஆட்டத்திலும் சேர்த்து ஐந்து புள்ளிதான் எடுத்திருக்கிறாள்" என்றார். கையிலிருந்த ஸ்கோர் தாளைத் திருப்பி என்னிடம் காட்டவும் செய்தார்.

அந்த மூன்று ஆட்டங்களையும் கோட்டுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தவன் நான். மூன்றாவது ஆட்டத்தின் கடைசி நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எதிரணியில் ஒரு பெண், என் மகளைவிட அரைத் தலை உயரம். பந்து கூடையை நோக்கிப் போன நொடியில் எல்லோரும் அண்ணாந்து பந்தைப் பார்த்தார்கள். இவள் மட்டும் திரும்பி அந்தப் பெண்ணைத் தேடினாள். முதுகை அவள்மேல் சாய்த்து, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து, சிமெண்டுத் தரையில் வேர் பிடித்ததுபோல நின்றாள். அந்தப் பெண் இடப்பக்கம் நகர்ந்தாள், இவளும் நகர்ந்தாள். வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள், இவள் அசையவில்லை. வளையத்தில் பட்ட பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்து எழும்பியது. பந்தைக் கொண்டுபோகிற இடத்தில் ஆடும் எங்கள் கார்டு ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டு எதிர்க் கூடைக்குப் பாய்ந்து இரண்டு புள்ளி போட்டாள். மைதானமே கைதட்டியது. ஸ்கோர் தாளில், தவறிய பந்தை எடுத்ததற்கான ரீபவுண்டும் கார்டுக்கு, புள்ளியும் கார்டுக்கு. என் மகளின் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. விலாவில் முழங்கை பட்டுக் கன்றிப்போன இடம் மட்டும் அவளுக்கு.

இரவு அந்த இடத்தில் ஐஸ் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நான் நன்றாக ஆடவில்லையா?" நன்றாகத்தான் ஆடினாய் அம்மா என்றேன். பெற்றவர் வேறென்ன சொல்வார் என்று நினைத்திருப்பாள். பதின்மூன்று வயது. அவளுக்கு அன்று சரியாகச் சொல்ல வராததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுப்பவர்கள் யாராவது படித்தால் நல்லது.

நான் மும்பையில் சயான் கோலிவாடாவில் வளர்ந்தவன். இந்த நகரத்தில் கூடைப்பந்து என்றால் நாக்பாடாதான். அங்கிருந்து வந்த அப்பாஸ் முந்தசிர் இந்திய அணிக்குத் தலைவராக இருந்தவர், அர்ஜுனா விருது வாங்கியவர். நாங்கள் லோக்கல் ரயிலில் பைக்குளாவில் இறங்கி நடந்து போய் நாக்பாடாப் பையன்களிடம் உதை வாங்காத குறையாகத் தோற்றுவிட்டு வருவோம். மழைக்காலத்தில் சாக்கைப் போட்டுத் தண்ணீரை ஒற்றியெடுத்த பிறகுதான் ஆட்டம். எங்கள் அணியில் எல்லோருக்கும் ஜோர்டன் ஆக வேண்டும், பிறகு கோபி ஆக வேண்டும். நெடுநெடுவென்று வளர்ந்திருந்த என்னை மட்டும் கூடைக்கடியில் நிறுத்திவிட்டார்கள். அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஆள்தான், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் கூடைக்கடியில் நின்று ஆடிய டிம் டங்கன்.

"அவர் ஆட்டத்தைப் பார்த்தால் தூக்கம் வரும்" என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, இன்றும் வருகிறது.

அவர் கூடைப்பந்துக்கென்று பிறந்தவரே கிடையாது. கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்ற சின்னத் தீவு. அப்பா கொத்தனார், அம்மா மருத்துவச்சி. அக்காள் ஒருவர் 1988 ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பி டங்கனும் 400 மீட்டர் நீச்சலில் 1992 ஒலிம்பிக்குக்குப் போவார் என்று வீட்டில் கனவு. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் வந்து தீவிலிருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல்குளத்தை அழித்துவிட்டது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றால் சுறா பயம். அடுத்த ஏப்ரலில், அவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். குளமும் போய், கரையில் நின்று கைதட்டிய அம்மாவும் போன பிறகுதான், அக்காள் வீட்டுக்காரர் ஒருவர் அந்தப் பையன் கையில் பந்தைக் கொடுத்தார்.

படிப்பை முடித்துப் பட்டம் வாங்குவேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது ஆண்டு முடிந்தபோதே தொழில்முறை அணிகள் கோடிகளோடு காத்திருந்தன. அவர் நான்கு ஆண்டும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் 1997இல் வெளியே வந்தார். மாணவராக இருந்தபோது பேராசிரியரோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை எதைப் பற்றித் தெரியுமா? தற்பெருமை பேசுகிறவர்களை மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி. நம் வீடுகளில் "முதலில் டிகிரியை முடி" என்று சொல்லாத அம்மா உண்டா? அந்த வகையில் அவர் எனக்கு எப்போதும் பக்கத்து வீட்டுப் பையனாகவே தோன்றியிருக்கிறார்.

அந்த ஆண்டு என்பிஏ அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக அவரை எடுத்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், அதற்கு முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 20 மட்டுமே வென்ற அணி. அவர் வந்த பருவத்தில் 56 வென்றது. அதிலிருந்து 19 பருவம், ஒரே அணி, ஒரே பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச். 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து கோப்பைகள். 19 பருவங்களில் ஒரு முறைகூட அணி கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுக்கு வெளியே நின்றதில்லை.

இனி என் மகளை நீக்கிய பயிற்சியாளருக்கான கணக்கு. டங்கனின் வாழ்நாள் சராசரி ஓர் ஆட்டத்துக்கு 19 புள்ளி. ஒரு பருவத்தில்கூட அவர் லீக்கின் அதிகப் புள்ளிக்காரராக இருந்ததில்லை. 15 முறை சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் அணியில் இடம்பெற்றவருக்கு, ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை ஒரு முறையும் கொடுக்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டி நீக்கிவிடலாம் என்றால் அவரையும் நீக்கிவிடலாம்.

டங்கன் ஆடிய பவர் ஃபார்வர்டு என்ற இடமே அப்படிப்பட்டது. தன் உடம்பைச் சுவராக்கி ஸ்கிரீன் போட்டு நின்றால், அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் எறிந்து புள்ளி எடுப்பார். கைதட்டல் எறிந்தவருக்கு. டங்கன் பந்தைத் தடுக்கிற விதத்தைப் பாருங்கள். பார்வையாளர் வரிசை வரைக்கும் அடித்து விரட்டினால் கூட்டம் ஆர்ப்பரிக்கும், ஆனால் பந்து மறுபடி எதிரணிக்கே போகும். அவர் விரல்நுனியால் தட்டி, தன் ஆள் நிற்கிற பக்கமாக விழ வைப்பார். எறிகிறபோதும் அதே சிக்கனம். கூடைக்கு இடப்பக்கம், 45 பாகைக் கோணத்தில் நின்று, பலகையில் வரைந்திருக்கிற சதுரத்தின் மேல்மூலையில் மெல்லப் பந்தை ஒற்றுவார். 'டொக்' என்று ஒரு சத்தம், பந்து உள்ளே. நாங்கள் அதைக் கோலிவாடாவில் ஆயிரம் முறை பழகியிருப்போம். பார்க்க எளிது. செய்தவனுக்குத்தான் தெரியும், வியர்வையில் ஊறிய கையோடு ஒருவன் மேலே சாய்ந்துகொண்டிருக்கும்போது அந்தச் சதுரம் எவ்வளவு சிறியது என்று.

2003 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், நியூ ஜெர்சி அணிக்கு எதிராக, 21 புள்ளி, 20 ரீபவுண்ட், மற்றவர் புள்ளி எடுக்கப் பந்து கொடுத்த 10 அசிஸ்ட், எறிதலைத் தடுத்த 8 பிளாக். கோப்பையை முடிவு செய்த ஆட்டத்தில் ஒரே மனிதர் இந்த நான்கு வேலையும் செய்தார். இதற்கா தூக்கம் வருகிறது?

ஒரு ரீபவுண்டின் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு 2013 ஜூன் 19, புதன்கிழமை காலையைச் சொல்வேன். அமெரிக்காவில் செவ்வாய் இரவு, செம்பூரில் எங்கள் வீட்டில் காலை காப்பி நேரம். வெளியே மழை. ஏழு ஆட்டத்தில் நான்கை வென்றால் கோப்பை என்கிற இறுதிச் சுற்றில், மயாமி ஹீட் அணிக்கு எதிராக ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னிலை. இந்த ஆறாவது ஆட்டத்தில் 37 வயது டங்கன் முதல் பாதியிலேயே 25 புள்ளி போட்டுவிட்டார். கடைசி 28 நொடிகளில் ஐந்து புள்ளி முன்னிலை. கோப்பைக்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறுகூடக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மயாமி மூன்று புள்ளி எறிதலுக்குத்தான் முயலும், வேகமாக ஓடித் தடுப்பவர்கள் வேண்டும் என்று பாப்போவிச் டங்கனை வெளியே உட்கார வைத்தார். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்தார், தவறியது, பந்து திரும்ப மயாமி கைக்கே போய் மூன்று புள்ளியானது. சற்று நேரத்தில் மறுபடி எறிந்தார், மறுபடி தவறியது. கூடைக்கடியில் டங்கன் நிற்க வேண்டிய இடத்தில் மயாமியின் கிறிஸ் பாஷ் எம்பிப் பந்தைப் பிடித்தார், மூலைக்குப் பின்வாங்கிய ரே ஆலனுக்குத் தள்ளினார், அவர் எறிந்தது மூன்று புள்ளி. 5.2 நொடி மிச்சமிருக்க ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்றது. நான் டம்ளரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றிருந்தேன், காப்பி ஆறிப்போய்விட்டது. அன்று அலுவலகத்துக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை.

ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் சமன் செய்ய ஒரு வாய்ப்பு, ஆயிரம் முறை போட்ட எறிதல், டங்கனே தவறவிட்டார். திரும்பி ஓடிவந்து குனிந்து இரண்டு கைகளாலும் தரையை அறைந்தார். பதினாறு வருடம் முகத்தில் எதையும் காட்டாத மனிதர். அடுத்த ஆண்டு அதே மயாமியை, அதே இறுதிச் சுற்றில், 4-1 என்று வென்றார்கள். வென்ற நான்கு ஆட்டங்களிலும் வித்தியாசம் 15 புள்ளிக்குக் குறையவில்லை. சிறந்த ஆட்டக்காரர் விருது ஸ்பர்ஸின் 22 வயது காவாய் லெனர்டுக்குப் போனது.

பாப்போவிச் மற்றவர்கள் முன்னாலேயே டங்கனைத் திட்டுவார். கேட்டுக்கொள்வார். கோப்பை நாயகனே தலையைக் குனிந்து கேட்கிறபோது, நேற்று வந்த பையன் எப்படி முகத்தைத் திருப்புவான்? 2012இல் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டார், மிச்சப் பணத்தில் அணி மற்றவர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. இதெல்லாம் எந்தத் தாளில் ஏறும்?

2016இல் கோபி பிரையன்ட் ஊர் ஊராக விடைபெற்று, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்துப் போனார். அதை நானும் கண் கலங்கப் பார்த்தவன். அதே ஆண்டு ஜூலையில் டங்கன் ஓய்வு பெற்றார், அணி ஓர் அறிக்கை வெளியிட்டது, அவ்வளவுதான். பத்திரிகையாளர் சந்திப்புக்கு அவர் வரவேயில்லை. பாப்போவிச்தான் வந்து பேசினார்.

2019 அக்டோபரில் வொர்லி டோமில் சாக்ரமென்டோ கிங்ஸும் இந்தியானா பேசர்ஸும் ஆடியபோது மகளை அழைத்துப் போயிருந்தேன். இந்தியாவுக்கு முதல் முறையாக வந்த என்பிஏ ஆட்டங்கள் அவை. பந்தை வளையத்தில் திணிக்கிறபோதெல்லாம் கூரை இடிந்துவிடும்போலச் சத்தம். பந்தை எடுத்துக் கொடுத்தவனுக்கு ஒரு கைகூடத் தட்டவில்லை. அதைத்தான் நம் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். பார்வையாளர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் சந்தோஷத்துக்கு வருகிறவர்கள். பயிற்சியாளர் அப்படி இருக்கலாமா? பதின்மூன்று வயதுப் பெண், யாரும் சொல்லாமலே பந்தை விட்டுவிட்டு ஆளைத் தேடித் திரும்புகிறாள். அது எத்தனை வருடம் கத்தினாலும் சிலருக்கு வராத குணம். அதைத் தண்டித்து அனுப்பினால், அடுத்த அணியில் அவளும் பந்தைப் பிடுங்கி எறியத்தான் பழகுவாள்.

பழைய நண்பர் ஒருவர் மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் மகளைச் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தேன், சம்மதித்துவிட்டார். ஸ்கோர் தாளுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நான் உட்காருவேன். ஸ்கிரீன் போட்டவர், ஆளைத் தடுத்து நிறுத்தியவர், விழுந்த பந்துக்காகத் தரையில் பாய்ந்தவர் என்று மூன்று பத்தி. நேற்று இரவு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொடுத்தது மகள்தான். மற்ற பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் எழுதிவிட்டுத் தன் பெயரைக் கடைசியில் எழுதியிருக்கிறாள். முதல் ஆட்டம் காலை ஏழு மணிக்கு.